அண்ணனோடு 10 நாள்: பழைய மாஃபியாவா, புதிய மாஃபியாவா, இல்லை வேறு கதையா?

கடைசி_மிஷன்:

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டு யோசனை சொல்லுங்கள்.

அடுத்த மாதம் என் அண்ணன் ஊருக்கு வருகிறான். மஸ்கட்டில் வேலை, 3 வருடம் கழித்து வருகிறான், 10 நாள்தான் லீவு. 2004ல் அப்பா எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணி வாங்கிக் கொடுத்தார். பென்டியம் 4, 256 எம்பி ரேம். நான் ஏழாவது, அண்ணன் பதினொன்றாவது. அதில் எத்தனையோ விளையாடினோம், ஆனால் இன்றைக்கும் போனில் பேசும்போது பேச்சில் வருவது மாஃபியா என்ற ஆட்டம் மட்டும்தான். ஒரே கீபோர்டை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்வோம். வண்டி ஓட்டுவது முழுக்க அவன். இறங்கி நடக்கும்போது கீபோர்டு அவன் கையில், மவுஸ் என் கையில். அவன் நடப்பான், நான் சுடுவேன். ஆட்டத்தின் நாயகன் டாமி சுவரில் போய் முட்டினால் அது அவன் தப்பு, குண்டு வீணானால் அது என் தப்பு.

விளையாடியவர்களுக்கு அடுத்து என்ன சொல்வேன் என்று தெரிந்திருக்கும். ரேஸ் மிஷன், அதாவது கார் பந்தயக் கட்டம். அதில் மாட்டிக்கொண்டோம். எத்தனை நாள் என்று கணக்கே இல்லை, பள்ளி விட்டு வந்ததும் உட்கார்ந்து முதல் வளைவிலேயே வண்டி கவிழ்ந்து, திரும்ப ஆரம்பித்து, மறுபடி கவிழ்ந்து... அப்புறம் ஒரு நாள் ஹார்டு டிஸ்க் போய்விட்டது, சேவ் எல்லாம் அதோடு போனது. அவன் கல்லூரி விடுதிக்குப் போனான், பிறகு வேலை, பிறகு வெளிநாடு. டாமி கடைசியில் என்ன ஆனான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அண்ணனைத் தவிர யாரிடமும் கேட்டதில்லை, வீடியோவும் பார்த்ததில்லை. பார்த்தால் அண்ணனோடுதான் என்று வைத்திருக்கிறேன்.

பகலில் சொந்தக்காரர்கள் வந்து போவார்கள், ராத்திரிதான் எங்களுக்கு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் 15 மணி நேரம் கிடைக்கும். டிவியில் லேப்டாப்பை மாட்டிவிடலாம், கன்ட்ரோலர் 2 இருக்கிறது. 2002ல் வந்த பழைய மாஃபியாவை வாங்குவதா, 2020ல் புதிதாகச் செய்து வெளியிட்டதை வாங்குவதா? இல்லை, பழசைக் கிளறாமல் இரண்டு பேருமே விளையாடாத ஒரு நல்ல கதையை எடுப்பதா? அந்த வகையில் எ ஸ்பேஸ் ஃபார் தி அன்பவுண்ட், டு தி மூன், ஃபயர்வாட்ச் என்று மூன்று பெயர் கண்ணில் பட்டது. எது சரிப்படும்?

கோவை_கேமர்:

யோசிக்கவே வேண்டாம் நண்பா, 2020 பதிப்பு. அதே டாமி, அதே காபிக் கடை, அதே 20 அத்தியாயம். 1930ல் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தவன் எப்படி மாஃபியா கூட்டத்துக்குள் போனான் என்பதை 1938ல் போலீஸ் அதிகாரியிடம் உட்கார்ந்து சொல்கிற அந்தச் சட்டகம் அப்படியே இருக்கிறது. ஆட்களுக்கு முகபாவம் வந்திருக்கிறது, டாமியின் காதலி சாராவுக்குப் பழையதைவிட இடம் அதிகம். உங்கள் 15 மணி நேரத்துக்குள் தாராளமாக முடியும். ரேஸ்தான் பயம் என்றால் கடினத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். பழையதைப் போலவே வேண்டும் என்றால் கிளாசிக் என்று ஒரு நிலை இருக்கிறது, அதைப் போடுங்கள். அதில் ரேஸ் பழைய மாதிரியே பல்லைக் கடிக்க வைக்கும்.

பழைய_கேசட்:

கோவை நண்பர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை, ஆனாலும் நான் எதிர்ப்பக்கம் நின்று பேசுகிறேன். அந்த ஆட்டத்தை நான் நாலைந்து முறை முடித்திருக்கிறேன்.

பழைய மாஃபியாவின் உயிர் அதன் நிதானத்தில் இருந்தது. செக் நாட்டில் இல்யூஷன் சாஃப்ட்வொர்க்ஸ் என்ற நிறுவனம் செய்தது, கதையை எழுதி இயக்கியவர் டேனியல் வாவ்ரா. அந்த நேரத்தில் மற்ற எல்லா ஆட்டத்திலும் வண்டியை எடுத்தால் ஆள்மேல் ஏற்றிக்கொண்டு போகலாம். இதில் சிவப்பு விளக்கில் நிற்க வேண்டும். 40 மைலைத் தாண்டினால் போலீஸ் துரத்தி வந்து அபராதம் போடுவான். வேகம் தாண்டாமல் பார்த்துக்கொள்ள ஒரு பொத்தானே உண்டு. மேடு வந்தால் அந்த 30களின் வண்டி மூச்சு வாங்கும், பின்னால் டிராம் மணி அடிக்கும், ஆட்டத்தில் ஒன்றுமே நடக்காத அந்த 5 நிமிடத்தில்தான் நீங்கள் அந்த ஊர்க்காரராக மாறுவீர்கள். இரண்டாவது மிஷனில் வெறுமனே சவாரி ஏற்றி இறக்குகிறோமே, ஞாபகம் இருக்கிறதா? வேறு எந்தத் துப்பாக்கி ஆட்டம் அவ்வளவு நேரம் சும்மா டாக்சி ஓட்டச் சொல்லும்? அந்த வேலை எவ்வளவு சாதாரணமானது என்று நம் கையில் உணர்ந்த பிறகுதான் டாமி அதை விட்டுப் போவதற்கு எடை வருகிறது.

ஆனால் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பழையதை இப்போது கடையில் வாங்கினால் அதில் பாட்டு இருக்காது. 2002ல் வந்தபோது வண்டி ஓட்டும்போது ஜாஸ் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் கிடார் ஓடும், ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு மெட்டு. பாட்டுக்கான உரிமை இல்லாததால் 2017ல் இணையக் கடைக்குத் திரும்ப வந்தபோது அதையெல்லாம் எடுத்துவிட்டுத்தான் வெளியிட்டார்கள். முதல் தடவை அந்தப் பதிப்பை ஓட்டிப் பார்த்தபோது, பாலத்தில் ஏறுகிறேன், எஞ்சின் சத்தம் மட்டும் வருகிறது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நம் தெருவுக்குப் போகிறோம், வீடெல்லாம் அங்கேயே இருக்கிறது, ஒரு வீட்டிலிருந்தும் ரேடியோ சத்தம் இல்லை, அப்படி இருந்தது. உங்களிடம் பழைய சிடி இருந்தால் மட்டும் பழையது. இல்லை என்றால் யோசித்து முடிவெடுங்கள்.

கடைசி_மிஷன்:

சிடி அன்றைக்கே கீறல் விழுந்து போனது. இப்போது இருக்கிற லேப்டாப்பில் சிடி போடுகிற இடமும் கிடையாது. அந்தப் பாட்டு இல்லை என்பது எனக்குத் தெரியாது, படித்ததும் மனதுக்குக் கஷ்டமாகிவிட்டது. அண்ணன் வண்டி ஓட்டும்போது அந்த கிடாருக்கு மேசையில் விரலால் தாளம் போடுவான்.

நிலா_நடை:

என் அனுபவத்தைச் சொல்கிறேன், உதவுமா என்று பாருங்கள். எனக்கு ஷென்மூ என்றால் உயிர். 1999ல் ட்ரீம்காஸ்ட் என்ற விளையாட்டுக் கருவியில் வந்தது, 1986ல் ஜப்பானின் யோகோசுகா ஊரில் நடக்கிற கதை. வீட்டில் எந்த இழுப்பறையையும் திறந்து பார்க்கலாம், கடை வாசலில் காசு போட்டுக் குட்டிப் பொம்மை எடுக்கலாம், துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டி நாள் கூலி வாங்கலாம். மாமா வீட்டில் சின்ன வயதில் விளையாடியது. 2018ல் மறுபடி வெளியிட்டபோது முதல் நாளே வாங்கினேன். ஊர் அப்படியே அழகாக இருந்தது, ஆனால் நாயகன் ரியோவைத் திருப்புவதற்குள் கை வலித்துவிட்டது, ஒரு கதவை நேராக நின்று திறக்க மூன்று முறை நகர வேண்டியிருந்தது. 2 மணி நேரத்தில் மூடிவிட்டேன், பிறகு திறக்கவே இல்லை. சின்ன வயதில் அந்தச் சிரமம் கண்ணில் படவே இல்லை. உங்களுக்கு இருப்பது 10 ராத்திரி, அதில் 2 ராத்திரி கன்ட்ரோலோடு மல்லுக்கட்டியே போய்விட்டால் வருத்தமாக இருக்கும்.

தூறல்:

நீங்கள் இரண்டு வேறு விஷயங்களை ஒரே தட்டில் வைத்து நிறுக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நாம் அன்று விளையாடிய ஆட்டத்தைத் திரும்ப விளையாடுவது ஒன்று. அந்தக் காலத்தைப் பற்றி இன்று எழுதப்பட்ட கதையை விளையாடுவது இன்னொன்று. முதலாவதில் நீங்கள் தேடுவது உங்களையே. இரண்டாவதில் யாரோ முன்பின் தெரியாத ஒருவர் தன் ஊரை ஞாபகத்திலிருந்து எடுத்து உங்கள் முன்னால் வைக்கிறார், அதில் உங்கள் ஊர் தெரியும்போது ஏற்படுகிற திகைப்பு தனி.

எ ஸ்பேஸ் ஃபார் தி அன்பவுண்ட் அப்படிப்பட்டது. இந்தோனேசியாவின் சுரபாயாவில் இருக்கிற மொஜிகென் என்ற சின்னக் குழு செய்து 2023ல் வந்தது. 90களின் கடைசியில் ஒரு சிற்றூர், பள்ளிக்கூடம் முடியப் போகிற ஒரு பையன், ஒரு பெண். முழுக்கப் புள்ளி ஓவியம், பிக்சல் ஆர்ட் என்பார்களே, அது. நாலு மணி வெயில் தெருவில் சாய்ந்து விழுவதை அவர்கள் வரைந்திருப்பதைப் பார்த்ததும் எனக்குப் பள்ளி விட்டு வரும்போது கால் சுடுகிற தார் ரோடு ஞாபகம் வந்தது. வழியெல்லாம் சோடா மூடி கிடக்கும், பொறுக்கிச் சேர்க்கலாம். தெருப் பூனைகளைத் தடவிக் கொடுத்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்கலாம். நானும் தம்பியும் விளையாடியபோது எல்லாப் பூனைக்கும் எங்கள் தெருவில் இருந்தவர்கள் பெயரையே வைத்தோம். ஊர்க்காரர்களின் மனதுக்குள் நுழைந்து பார்க்க ஒரு சிவப்புப் புத்தகம் உண்டு, அதை வைத்துத்தான் கதை நகரும்.

இரண்டு எச்சரிக்கை. கதைக்குள் வீட்டு வன்முறையும் கடுமையான மனவேதனையும் வருகிறது, அண்ணன் லீவில் நிம்மதியாக இருக்க வருகிறார் என்றால் யோசிக்க வேண்டும். அப்புறம், படிக்க நிறைய இருக்கிறது, எல்லாம் ஆங்கிலம். ஒருவர் வேகமாகப் படித்து இன்னொருவர் காத்திருக்க நேர்ந்தால் சுவாரசியம் குறையும்.

இரவுப்பணி:

இரண்டு பேர் சேர்ந்து விளையாட என்றால் என் ஓட்டு ஃபயர்வாட்ச்சுக்கு. 2016ல் வந்தது. 1989 கோடை, அமெரிக்காவின் வயோமிங் காடு, தீ கண்காணிப்புக் கோபுரத்தில் தனியாக ஹென்றி. பேச்சுத் துணை வாக்கி டாக்கியில் வருகிற டெலைலாவின் குரல் மட்டும். ஒருவர் நடக்கட்டும், இன்னொருவர் பதில் சொல்லட்டும். பதிலுக்கு நேரம் குறைவு, பேசாமல் இருந்தால் அதுவும் ஒரு பதிலாகிவிடும், அதனால் சண்டை போட்டுக்கொண்டே முடிவு எடுப்பீர்கள். ஆரம்பத்தில் படமே பெரிதாக இருக்காது, வெறும் எழுத்து. ஹென்றி ஜூலியாவைச் சந்திக்கிறான், எந்த நாயை வளர்ப்பது என்று உங்களைக் கேட்கும், கல்யாண வாழ்க்கை நகரும், அப்புறம் அவளுக்கு ஞாபகம் போகத் தொடங்கும். அந்த 10 நிமிடத்தில் நான் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். கதையின் மர்மம் கடைசியில் பெரிதாக வெடிக்காது, பலருக்கு அதில் ஏமாற்றம் உண்டு. எனக்கு அந்த முடிவுதான் சரி என்று பட்டது. 4, 5 மணி நேரம் போதும்.

ஸ்கார்பரோ_தம்பி:

யாரும் வெண்பாவைச் சொல்லவில்லையே! டொரொன்டோவில் விசை கேம்ஸ் செய்தது, 2023. 1988ல் கனடாவுக்கு வந்த ஒரு தமிழ்த் தம்பதி, அவர்கள் மகன் கவின். அம்மா கொடுத்துவிட்ட சமையல் புத்தகம் கிழிந்தும் எழுத்து அழிந்தும் இருக்கும், விட்டுப்போன வரியை நாம் சமைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் சமையலே இட்லி. ரேடியோவில் வருகிற பாட்டெல்லாம் அந்தந்தக் காலத்துத் தமிழ் சினிமாப் பாட்டின் சாயலில் புதிதாகப் போட்டது. 2024ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக ஆட்டம் விருது வாங்கியது. நான் இங்கே வளர்ந்தவன். பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்ல, தாய் தமிழிலேயே கேட்டுக்கொண்டிருக்கிற இடம் எங்கள் வீட்டுச் சமையலறை. அதை முடித்த அன்றைக்கு அம்மாவுக்கு போன் எடுத்தேன்.

கோவை_கேமர்:

வெண்பா நல்லதுதான், நானும் முடித்தேன். ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கவின் பெரியவனாகிற இடத்தில் வருடங்கள் தாவித் தாவிப் போகின்றன, இன்னும் இரண்டு சமையல் கூடுதலாக வைத்திருந்தால் அவன் மனம் மாறுவது இன்னும் நம்பும்படி இருந்திருக்கும். 10 நாளுக்கு இது மட்டும் பத்தாது.

ஸ்கார்பரோ_தம்பி:

பத்தாது என்பது சரி. ஆனால் அவர்கள் அம்மாவும் வீட்டில் இருப்பார்கள்தானே? ஒரு மத்தியானம் அம்மாவை நடுவில் உட்கார வைத்து விளையாடட்டும். புதிருக்கெல்லாம் அவர்களே விடை சொல்லிவிடுவார்கள்.

பழைய_கேசட்:

இது நல்ல யோசனை. கடைசி_மிஷன், உங்கள் அண்ணனிடம் எது வேண்டும் என்று கேட்டீர்களா? நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறோம், அவர் என்ன நினைக்கிறார் என்று தெரியவில்லை.

கடைசி_மிஷன்:

கேட்கவில்லை. தெரியாமல் செய்யலாம் என்று இருந்தேன்.

தூறல்:

அப்படியானால் மாஃபியாதான். நானே மேலே வேறு சொன்னேன், ஆனால் ரேஸ் பற்றி நீங்கள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதை முடிக்காமல் வேறு எதைப் போட்டாலும் உங்கள் மனசு அதில் நிற்காது. 2020 பதிப்பையே போடுங்கள், பாட்டில்லாத பழையது வேண்டாம். கடைசி ஒரு ராத்திரியை மட்டும் டு தி மூனுக்கு ஒதுக்கி வையுங்கள். 2011ல் வந்தது, ஆர்பிஜி மேக்கர் என்ற ஆட்டம் செய்யும் மென்பொருளில் செய்தது, பார்த்தால் பொம்மைப் படம் மாதிரி இருக்கும், எந்த லேப்டாப்பிலும் ஓடும். சாகக் கிடக்கிற ஜானி நிலாவுக்குப் போக வேண்டும் என்கிறார், ஏன் என்று அவருக்கே தெரியாது. இரண்டு டாக்டர்கள் அவர் ஞாபகத்துக்குள் நுழைந்து கிழப்பருவத்திலிருந்து பின்னோக்கிச் சிறுவயது வரை நடக்கிறார்கள். வீட்டின் கீழறை முழுக்கக் காகித முயல் மடித்து வைத்திருப்பதைப் பார்ப்பீர்கள், ஏன் என்பது வெகுநேரம் கழித்துத்தான் புரியும். 4 மணி நேரம். இதற்கு மேல் சொன்னால் கெட்டுவிடும்.

கடைசி_மிஷன்:

எல்லோருக்கும் நன்றி. வாங்கிவிட்டேன். முடித்ததும் வந்து எழுதுகிறேன்.

கடைசி_மிஷன்:

திரும்ப வந்துவிட்டேன். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை கிளம்பினான். நடந்ததை எழுதுகிறேன், முடிவை உடைக்க மாட்டேன்.

2020 மாஃபியா, கிளாசிக் நிலை. டிவியில் அந்த நகரம் வந்ததும் அவன் ஒன்றும் பேசவில்லை, கன்ட்ரோலரை மட்டும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். பழையபடியே ஓட்டுவது அவன், இறங்கினால் கன்ட்ரோலர் எனக்கு. போலீஸ் பின்னால் வராத சாலையில்கூட சிவப்பு விளக்கில் நின்றான். "என்னடா நிக்கற?" என்றால், "பழக்கம்டா" என்றான்.

ரேஸ் மூன்றாம் ராத்திரி. 17 முறை தோற்றோம். நான் பக்கத்தில் உட்கார்ந்து வளைவு வளைவாகச் சொல்லிக்கொண்டே வந்தேன், "இப்ப விடு, இப்ப விடு, உள்ள புடி" என்று. அம்மா இரண்டு முறை எழுந்து வந்து மணி என்ன தெரியுமா என்று கேட்டுவிட்டுப் போனாள். 18ஆவது முறை கடைசிச் சுற்றில் முன்னால் ஒரே ஒரு வண்டி, அதுவும் வளைவில் அகலமாகப் போய்விட்டது, இவன் உள்பக்கமாக நுழைந்துவிட்டான். கோட்டைத் தாண்டியதும் நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. அண்ணன் கத்தவில்லை. கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு உள்ளங்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு வந்த மிஷன்களில் ஒன்றைக் கவனித்தேன். எங்கே திரும்ப வேண்டும், யார் துரோகம் செய்வான் என்பது வரும்போது அவன் என் முகத்தைத்தான் பார்த்தான். திரையைப் பார்க்கவில்லை. கடைசி மிஷனுக்கு முன்னால் நிறுத்திக் கேட்டுவிட்டேன். 2005லேயே விடுதியில் நண்பன் கம்ப்யூட்டரில் முடித்துவிட்டானாம். ரேஸ், அதற்குப் பின்னால் வந்ததெல்லாம், முடிவு வரைக்கும். "சொன்னா நீ அழுவ. அது நம்ம ஆட்டம், நான் தனியா முடிச்சேன்னு எப்படி சொல்றது?" என்றான். இத்தனை வருடம் போனில் ஒவ்வொரு முறையும் டாமி என்ன ஆகியிருப்பான் என்று நான் கேட்டபோதெல்லாம் எனக்கும் தெரியாதுடா என்றே சொல்லியிருக்கிறான். கடைசி மிஷனை முழுக்க என்னையே விளையாட வைத்தான். வண்டியும் நான்தான்.

ஸ்கார்பரோ நண்பருக்கு: வெண்பா விளையாடியபோது அம்மா இட்லித் தட்டைப் பார்த்ததும், ஓட்டை மேலே ஓட்டை வராமல் மாற்றி அடுக்குடா, ஆவி எப்படி ஏறும் என்று திட்டினாள். முடிவு வந்தபோது அண்ணன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான், அம்மா பின்னாலேயே போனாள். நான் போகவில்லை.

டு தி மூனும் கடைசி ராத்திரி முடித்தோம், விடிய 3 மணி ஆகிவிட்டது. தூறல், அந்த முயல் விஷயம் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. காலையில் ஏர்போர்ட்டுக்குப் போகிற வழியில், அதே ஆட்களின் அடுத்த கதை 2017ல் வந்திருக்கிறதாமே, ஃபைண்டிங் பாரடைஸ் என்று, அதை டவுன்லோடு பண்ணி வை, திறக்காதே என்றான். பண்ணி வைத்திருக்கிறேன்.